எஃப்டி ஆர்எக்ஸ்-7: ட்வின் டர்போவைச் சரிசெய்வதா, சிங்கிள் டர்போவுக்கு மாறுவதா?

பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் மாஸ்தா ஆர்எக்ஸ்-7. அதன் மூன்றாம் தலைமுறை, அதாவது எஃப்டி3எஸ், 1991 கடைசியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்து 2002-இல் நின்றுபோனது. கடைசியாக வந்த வண்டிக்கே இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. எஃப்டி வைத்திருப்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். நிமிடத்துக்கு 4,500 சுற்றுக்கு மேல் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறவில்லை, அல்லது ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. கம்பெனி கொடுத்த சீக்வென்ஷியல் ட்வின் டர்போவையே, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரட்டை டர்போவையே, சரிசெய்வதா? அந்தச் சீக்வென்ஷியல் ஏற்பாட்டை மட்டும் நீக்கிவிட்டு இரண்டு டர்போவையும் ஒன்றாகச் சுழலவிடுவதா? இல்லை, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு பெரிய டர்போ போடுவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலையில் ஓட்டும் வண்டி, 350 குதிரைத்திறனுக்குள் போதும் என்றால் சீக்வென்ஷியலைச் சரிசெய்யுங்கள். பின்சக்கரத்தில் அளந்தால் 400 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும், அதற்குரிய துணைப் பாகங்கள் அத்தனைக்கும் பணம் இருக்கிறது என்றால் சிங்கிள் டர்போ. நடுவில் இருக்கும் நான்-சீக்வென்ஷியலைப் பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், கோளாறு எங்கே என்று கண்டுபிடித்த பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும். "டர்போ போய்விட்டது" என்று சொல்லிக் கழற்றப்படும் பல ட்வின் டர்போக்களில் டர்போ நன்றாகவே இருக்கும். வெப்பத்தில் காய்ந்து வெடித்த ஒரு சிறு ரப்பர் ஹோஸ்தான் காரணமாக இருக்கும்.

முதலில் இன்ஜின்

டர்போவைப் பற்றி யோசிக்கும் முன் எஃப்டியில் இருக்கும் இரண்டு ரோட்டர் கொண்ட 13பி-ஆர்இடபிள்யூ இன்ஜினின் கம்ப்ரெஷனை அளந்துவிடுங்கள். சாதாரண கம்ப்ரெஷன் கேஜ் இதற்குப் போதாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். சாதாரண கேஜ் அவற்றில் உயர்ந்த அளவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு முகத்தின் ஏபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனையில் காற்றுக் கசியாமல் அடைக்கும் பட்டை) தேய்ந்திருந்தாலும் அது காட்டாது. ரோட்டரிக்கென்றே இருக்கும் டெஸ்டர் மூன்று முகங்களையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, ஸ்டார்ட்டர் சுழற்றிய வேகத்தையும் சேர்த்துத் தரும். அந்த எண்களை 250 சுற்றுக்குத் திருத்திப் பார்க்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், எரிபொருளும் ஸ்பார்க்கும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஆறு முகங்களும் (சதுர செ.மீ.-க்கு) 8 கிலோவுக்கு மேல் இருந்து, ஒன்றுக்கொன்று வேறுபாடு 1.5 கிலோவுக்குள் இருந்தால் அந்த இன்ஜின்மேல் பணம் போடலாம். 7 கிலோவுக்குக் கீழே வந்துவிட்டால் எந்த டர்போ வேலையும் வீண். இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதற்கான சேமிப்பை ஆரம்பியுங்கள்.

கூலன்ட் சீலையும் பார்த்துவிடுங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினில் கூலன்ட் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் விடாமல் வந்துகொண்டே இருந்தால், அல்லது முதல் சில நொடிகள் ஒரு ரோட்டர் தடுமாறி வெள்ளைப் புகை கக்கினால், இன்ஜினில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் போகிறது என்று பொருள். அப்படிப்பட்ட இன்ஜினில் பூஸ்ட் ஏற்றினால் சீல் இன்னும் சீக்கிரம் போகும்.

4,500 சுற்றில் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் கோளாறு தேட முடியாது. எஃப்டியில் இருப்பவை ஒரே மேனிஃபோல்டில் பொருத்தப்பட்ட இரண்டு சிறிய ஹிட்டாச்சி எச்டி12 டர்போக்கள். குறைந்த சுற்றில் இன்ஜின் வெளியேற்றும் புகை முழுவதும் முதல் டர்போவுக்கே போகிறது. இரண்டாவதற்குப் போகும் வழியை டர்போ கன்ட்ரோல் வால்வு அடைத்து வைத்திருக்கும். பூஸ்ட் ஏறிய பிறகு ப்ரீ-கன்ட்ரோல் வால்வு கொஞ்சம் புகையை இரண்டாவது டர்போவுக்கு விட்டு அதை முன்கூட்டியே சுழல வைக்கும். அப்போது அந்த டர்போ தள்ளும் காற்றுக்கு இன்ஜினுக்குள் வழி இல்லை, ஏனென்றால் சார்ஜ் கன்ட்ரோல் வால்வு மூடியிருக்கும். அந்தக் காற்றை சார்ஜ் ரிலீஃப் வால்வு இன்டேக் பக்கமே திருப்பி விடும். 4,500-ஐ நெருங்கும்போது ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டர்போ கன்ட்ரோலைத் திறந்து, ரிலீஃபை மூடி, சார்ஜ் கன்ட்ரோலைத் திறக்கிறது. இரண்டு டர்போவும் சேர்ந்து இன்ஜினுக்குக் காற்று தள்ள ஆரம்பிக்கின்றன.

சரியாக இருக்கும் வண்டியில் பூஸ்ட் 10 பிஎஸ்ஐ-க்கு ஏறும், மாற்றத்தின்போது 8-க்கு இறங்கும், மறுபடி 10-க்கு வரும். இந்த 10-8-10 தான் உங்கள் அளவுகோல். இதை விட்டு விலகும் விதமே கோளாறு எங்கே என்று சொல்லிவிடும்.

கீழே 10 சரியாக வந்து, 4,500-க்கு மேல் 4 அல்லது 5-ஆக விழுந்து அங்கேயே நின்றால், இரண்டாவது டர்போ வேலைக்கு வரவில்லை. டர்போ கன்ட்ரோல் வால்வின் தண்டை நகர்த்தும் ஆக்சுவேட்டரைப் பாருங்கள். அதற்கு ஒரு பக்கம் வேக்கும் (உறிஞ்சும் வெற்றிடம்), மறுபக்கம் அழுத்தம், இரண்டும் சேர்ந்து வந்தால்தான் முழுக்கத் திறக்கும். அழுத்தத் தொட்டியிலோ அதன் ஒருவழி வால்விலோ கசிவு இருந்தால் பாதியில் நின்றுவிடும். சார்ஜ் ரிலீஃப் மூடாமல் இருந்தாலும் இதே அறிகுறி வரும். நேர்மாறாக, கீழே 5 பிஎஸ்ஐ-தான் வருகிறது, 4,500-க்கு மேல் முழு பூஸ்ட் வருகிறது என்றால், சார்ஜ் கன்ட்ரோல் வால்வு மூடவில்லை, அல்லது டர்போ கன்ட்ரோல் திறந்தே கிடக்கிறது. சார்ஜ் கன்ட்ரோலை மூடிப் பிடித்திருப்பது வேக்கும்தான். வேக்கும் கசிந்தால் அது தானாகத் திறந்துகொண்டு, முதல் டர்போ தள்ளும் காற்று இரண்டாவதன் வழியே பின்னோக்கி ஓடிவிடும். கீழும் மேலும் சரி, நடுவில் மட்டும் 8-க்குப் பதில் 5-க்கு விழுகிறது என்றால் இரண்டாவது டர்போ போதுமான அளவு முன்சுழலவில்லை. ப்ரீ-கன்ட்ரோல் பக்கம் போங்கள்.

எந்த டர்போவும் செத்துவிட்டது என்று சொல்வதற்கு முன், இன்டேக் பக்கக் குழாயைக் கழற்றி இரண்டு கம்ப்ரெஸர் சக்கரங்களையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். சக்கரம் அதன் உறையில் உரசக்கூடாது. அச்சின் நீளவாக்கில் முன்னும் பின்னும் ஆடினால் த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது. இன்டர்கூலர் குழாயில் கொஞ்சம் எண்ணெய் இருப்பதை வைத்து மட்டும் டர்போவைக் குற்றம் சொல்லாதீர்கள். இன்ஜின் மூச்சுக் குழாய் வழியாகவும் அது வரும்.

முதல் வழி: சீக்வென்ஷியலை மீட்பது

வேலையின் பெரும்பகுதி வேக்கும் ஹோஸ் மாற்றுவதுதான். 1996-க்கு முந்தைய வண்டிகளில் இந்த ஹோஸ் வலை இன்னும் சிக்கலானது. அந்த ஆண்டில் மாஸ்தா அதைக் கொஞ்சம் எளிமையாக்கி, 16-பிட் ஈசியூவும் கொடுத்தது. எல்லா ஆண்டு வண்டிகளிலும் சோலினாய்டு வரிசை (மின்சாரத்தால் காற்று வழியை மாற்றும் சிறு வால்வுகள்) மேல் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், டர்போவின் வெப்பத்திலேயே வெந்துகொண்டிருக்கிறது. ரப்பர் பிளாஸ்டிக்போல் கெட்டியாகி, தொட்டாலே முறியும். அதனால்தான் ஒரு ஹோஸை மட்டும் மாற்றுவது பயனில்லை. அதைக் கழற்றும்போதே பக்கத்தில் இருப்பது உடையும். மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

4 மி.மீ. சிலிக்கோன் ஹோஸ் 15 மீட்டர், 6 மி.மீ. 3 மீட்டர் வாங்கினால் தாராளமாகப் போதும். எரிபொருளோ எண்ணெயோ ஓடும் இடத்தில் சிலிக்கோன் வேண்டாம், ஊறிப் பெருத்துவிடும். அங்கே அதற்குரிய ரப்பரோ, எரிபொருள் தாங்கும் விட்டான் ரப்பரோ போடுங்கள். பேட்டரி, இன்டேக் குழாய்கள், த்ராட்டில் பாடி, மேல் மேனிஃபோல்ட், பிறகு சோலினாய்டு வரிசை என்ற ஒழுங்கில் கழற்றலாம். மேனிஃபோல்ட் வெளியே வந்த அந்த நிமிடமே கீழே தெரியும் இன்டேக் துளைகளை டேப் போட்டு மூடிவிடுங்கள். ஒரு சின்ன வாஷர் உள்ளே விழுந்து, தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் ஏபெக்ஸ் சீல் போய்விடும், கூடவே ரோட்டர் ஹவுஸிங்கும்.

ஒவ்வொரு ஹோஸாகக் கழற்றி, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி, உடனே மாட்டுங்கள். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் படத்தைப் பார்த்து மாட்டலாம் என்று நினைப்பவர்கள்தான் இரண்டாம் முறை மேனிஃபோல்டைக் கழற்றுகிறார்கள். இன்னொரு முக்கியமான விஷயம்: வேஸ்ட்கேட்டுக்கும் (கூடுதல் புகையை டர்போவைச் சுற்றி வெளியேவிட்டு பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ப்ரீ-கன்ட்ரோலுக்கும் போகும் ஹோஸ்களுக்குள் சிறு துளையுள்ள பித்தளைக் குப்பிகள் இருக்கும். பழைய ஹோஸைக் குப்பையில் போடும் முன் அவற்றை எடுத்துப் புதியதில் செருக வேண்டும். குப்பி இல்லாவிட்டால் ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் தடையின்றிப் பாயும், சோலினாய்டு கசியவிடுவது ஒன்றுமில்லாமல் போகும், பூஸ்ட் ஏறாது. ஹோஸ் மாற்றிய பிறகு முன்பைவிட மோசம் என்று சொல்லும் பல வண்டிகளில் காணாமல் போயிருப்பது இந்தக் குப்பிதான்.

சோலினாய்டு ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட் கொடுத்து க்ளிக் சத்தம் மட்டும் கேட்டால் போதாது, ஊதிப் பார்த்துக் காற்று வழி மாறுகிறதா என்றும் பாருங்கள். ஒருவழி வால்வுகளைச் சோதிக்கவே வேண்டாம், எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், விலை குறைவு. ஆக்சுவேட்டர்களில் கைப் பம்பால் சுமார் 500 மி.மீ. பாதரச வேக்கும் கொடுத்து அரை நிமிடம் முள் நிற்கிறதா என்று பாருங்கள். அழுத்தத்தில் வேலை செய்பவற்றுக்கு அதேபோல் அழுத்தம் கொடுத்துத் தண்டு நகர்கிறதா, நகர்ந்த இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வேக்கும் தொட்டி, அழுத்தத் தொட்டி இரண்டையும் தனியாகச் சோதியுங்கள்.

மேனிஃபோல்ட் வெளியே இருக்கும்போதே செய்துவிட வேண்டியவை சில உண்டு, இவை தள்ளிப்போடக் கூடியவை அல்ல. எரிபொருள் அதிர்வைத் தணிக்கும் பல்சேஷன் டேம்பர் வயதானால் கசியும்; அது இருக்கும் இடம் சூடான டர்போவுக்கு அருகில். எஃப்டிகள் தீப்பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதையும், அங்கேயே இருக்கும் எரிபொருள் ஹோஸ்களையும், இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளையும் மாற்றுங்கள். இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து நான்கும் ஒரே அளவு தெளிக்கின்றனவா என்று சோதித்து வாங்குங்கள். சீலுக்கு எண்ணெய் அளந்து விடும் அளவுப் பம்பிலிருந்து வரும் பிளாஸ்டிக் குழாய்கள் இந்த வயதில் கண்ணாடிபோல் உடையும், அவற்றையும் மாற்றுங்கள்.

மாஸ்தாவே எஃப்சி (முந்தைய தலைமுறை ஆர்எக்ஸ்-7), எஃப்டி இரண்டுக்கும் சில பாகங்களை மறுபடி தயாரித்து விற்கிறது. கேஸ்கெட், ஹோஸ் போன்றவற்றை அங்கே முதலில் தேடுவது நல்லது. பொறுமையான ஒருவருக்கு முழு வேலையும் இரண்டு மூன்று வாரயிறுதி. பாகச் செலவு, மற்ற இரு வழிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

இதில் கிடைப்பது என்ன? 2,500 சுற்றிலேயே முழு பூஸ்ட். 1,300 கிலோவுக்குள் இருக்கும் ஒரு வண்டியில், வளைவிலிருந்து வெளியே வரும்போது அது கொடுக்கும் இழுப்புக்கு ஈடு இல்லை. கம்பெனிக் கணக்குப்படி ஆரம்பத்தில் 255 குதிரைத்திறன், 1996-இல் மேனுவல் வண்டிகளுக்கு 265, 1999-இல் உயர் வகைகளுக்கு 280. நல்ல ஈசியூ, பெரிய இன்டர்கூலர், தடையில்லாத எக்ஸாஸ்ட் ஆகியவற்றோடு 12 பிஎஸ்ஐ ஓட்டினால் 320 முதல் 350 வரை எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் இந்தச் சிறு டர்போக்கள் காற்றைத் தள்ளுவதைவிடச் சூடாக்குவதுதான் அதிகம்.

இந்த அளவுக்கு ஏற்றும்போது கவனிக்க வேண்டிய ஒரு பொறி உண்டு. இன்டேக், டவுன்பைப் (டர்போவை அடுத்த புகைக்குழாய்), கேட்பேக் எக்ஸாஸ்ட் (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் புகைக்குழாய்) ஆகிய மூன்றில் இரண்டை மட்டும் மாற்றினால் அசல் ஈசியூ ஓரளவு சமாளிக்கும். மூன்றையும் மாற்றினால் பூஸ்ட் தானாகவே மேலே நழுவும், அசல் வேஸ்ட்கேட் துளை சிறியதாகையால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. எரிபொருள் போதாமல் கலவை மெலியும், இல்லையென்றால் ஈசியூ எரிபொருளை நிறுத்தும் ஃப்யூயல் கட் வந்து வண்டி உலுக்கும். மூன்றாவது பாகம் வாங்குவதற்கு முன்பே பவர் எஃப்சி, ஹால்டெக் போன்ற ஈசியூவும் டியூனிங்கும் முடிந்திருக்க வேண்டும்; வேஸ்ட்கேட் துளையையும் பெரிதாக்க வேண்டும்.

இரண்டாம் வழி: நான்-சீக்வென்ஷியல்

இரண்டு டர்போவும் எப்போதும் ஒன்றாகச் சுழலும். எளிய முறையில், டர்போ கன்ட்ரோல் தண்டைக் கம்பியால் திறந்த நிலையில் கட்டி, சார்ஜ் கன்ட்ரோல் ஹோஸைக் கழற்றித் திறந்துவிட்டு, சார்ஜ் ரிலீஃபை அடைத்துவிடுவார்கள். ஒரு மாலை நேரத்தில் முடியும், திரும்ப மாற்றவும் முடியும். முழு முறையில், டர்போவைக் கழற்றி உள்ளே இருக்கும் வால்வுத் தகடுகளை எடுத்து, துளைகளை வெல்டு செய்து மூட வேண்டும். திரும்பி வர வழி இல்லை.

பெரும்பாலான சோலினாய்டுகளும் ஹோஸ்களும் தேவையில்லாமல் போகும். பூஸ்ட் ஒரே சீராக ஏறும், டியூன் செய்பவருக்கு வேலை எளிது. ஆனால் முழு பூஸ்ட் 3,500 சுற்றுக்குப் பக்கத்தில்தான் வரும். உச்சத் திறன் அதிகரிக்காது, டர்போ அதேதான். அதாவது கீழ்ப்பகுதி இழுப்பைக் கொடுத்துவிட்டு எளிமையை வாங்குகிறீர்கள். 3,500-இல்தான் பூஸ்ட் வரும் என்றால், அதே சுற்றில் இதைவிட நூறு குதிரைத்திறன் அதிகம் தரும் நவீன சிங்கிள் டர்போ இருக்கிறது. ஆகையால் நான்-சீக்வென்ஷியலுக்கு இரண்டு இடம் மட்டுமே உண்டு என்பது என் கருத்து: எப்போதும் 5,000-க்கு மேலேயே ஓடும் சர்க்யூட் வண்டி, அல்லது டர்போ கன்ட்ரோல் வால்வு இருக்கை விரிசல் விட்டு இனி மூடவே மூடாது என்றாகிவிட்ட ட்வின் டர்போ. இன்னொரு பயனும் உண்டு. எளிய முறையைத் தற்காலிகமாகச் செய்து ஓட்டிப் பார்த்தால், இரண்டு டர்போவும் நன்றாக இருக்கின்றனவா, கோளாறு கன்ட்ரோல் பக்கமா என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

அசல் டர்போ உறைக்குள்ளேயே பெரிய சக்கரங்கள் பொருத்தித் தரும் மேம்படுத்தப்பட்ட ட்வின் டர்போக்களும் கிடைக்கின்றன. பிஎன்ஆர் ஸ்டேஜ் 3 அவற்றில் பெயர்பெற்றது. சீக்வென்ஷியலாகவே ஓடும், வெளித்தோற்றம் அசல்போலவே இருக்கும், திறன் சிங்கிளை நெருங்கும். ஆனால் கன்ட்ரோல் பக்கம் முழுதும் புதிதுபோல் இருந்தால்தான் இது சரிப்படும். முதல் வழியை ஒழுங்காக முடித்து, ஓராண்டு ஓட்டி, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றுகிறவருக்கானது இது.

மூன்றாம் வழி: சிங்கிள் டர்போ

சிங்கிளுக்கு மாறுவது எளிமை என்று சொல்வார்கள். பானெட்டைத் திறந்தால் அப்படித்தான் தெரியும்: வேக்கும் வலை இல்லை, சோலினாய்டு வரிசை இல்லை, எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கனமான இரும்பு வார்ப்பு போய்விடுவதால் எடையும் குறையும். ஆனால் இதன் செலவு டர்போவில் இல்லை, அதைச் சுற்றி மாற்ற வேண்டியவற்றில் இருக்கிறது. எல்லாம் சேர்த்தால் ஒரு இன்ஜின் ரீபில்டுக்கு ஆகும் தொகையை எளிதாகத் தாண்டும். பாதிப் பணத்தில் ஆரம்பித்து, எரிபொருள் பக்கத்தை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவர்களின் இன்ஜின்கள்தான் அதிகம் உடைந்திருக்கின்றன.

டர்போவின் அளவில் பேராசை கூடாது. போர்க்வார்னர் ஈஎஃப்ஆர் வரிசையை எடுத்துக்கொண்டால் 7670, 8374, 9180 என்று பெயர்கள். முதல் இரண்டு எண் கம்ப்ரெஸர் சக்கரத்தின் விட்டம், அடுத்த இரண்டு டர்பைன் சக்கரத்தின் விட்டம், மி.மீ. கணக்கில். 7670 போட்டால் பின்சக்கரத்தில் 350 முதல் 400 குதிரைத்திறன் வரை கிடைக்கும், சீக்கிரம் ஏறும். 8374 தான் சாலையும் சர்க்யூட்டும் ஓட்டுபவருக்குச் சரியான அளவு. 400-ஐத் தாராளமாகத் தாண்டும், 3,500 சுற்றை ஒட்டி முழு பூஸ்ட் வந்துவிடும். 9180 நேர்கோட்டில் ஓடும் வண்டிக்கு. டைட்டானியம் அலுமினைடு டர்பைன், பால் பேரிங் இரண்டும் சேர்ந்ததால்தான் இவை அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பாக ஏறுகின்றன. பழைய பெரிய டர்போ ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் 4,500-க்குக் கீழே வண்டி செத்துக் கிடக்கும்.

மேனிஃபோல்ட் இரு ரோட்டரின் புகையையும் டர்பைன் வரை பிரித்தே கொண்டுபோகும் ட்வின் ஸ்க்ரோல் வகையாக இருக்கட்டும். ரோட்டரியின் புகை அளவும் வெப்பமும் பிஸ்டன் இன்ஜினைவிட அதிகம், ஆகையால் வேஸ்ட்கேட்டில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 44 மி.மீ. அளவில் ஒன்று, அல்லது மொத்தத்துக்கு 60 மி.மீ. ஒன்று. அதைவிட முக்கியம், வேஸ்ட்கேட் குழாய் புகை ஓடும் திசையிலேயே பிரிய வேண்டும். செங்குத்தாக ஒட்டவைத்த குழாயில் எவ்வளவு பெரிய வேஸ்ட்கேட் போட்டாலும் பூஸ்ட் நழுவும். டர்போவிலிருந்து எண்ணெய் இறங்கும் குழாய் அகலமாக, எங்கும் மேலே ஏறாமல் சரிந்து இறங்க வேண்டும்; இல்லையென்றால் புது டர்போவே முதல் நாள் புகை விடும்.

எரிபொருள் பக்கம்: அசல் இன்ஜெக்டர்கள் 550 சிசி இரண்டு, 850 சிசி இரண்டு. பின்சக்கரத்தில் 400 வேண்டுமானால் சிறிய இரண்டான ப்ரைமரியை 1,000 சிசி அளவுக்கும், பெரிய இரண்டான செகண்டரியை 1,600 முதல் 2,000 சிசி அளவுக்கும் கொண்டுபோக வேண்டும். அதோடு மணிக்கு 400 லிட்டருக்கு மேல் தள்ளும் பம்ப், பேட்டரியிலிருந்து நேராக இழுத்த கனமான வயரும் தனி ரிலேயும், புதிய ரெகுலேட்டர். பம்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய மெல்லிய வயரிலேயே விட்டால், முழு பூஸ்ட்டில் வோல்டேஜ் இறங்கி எரிபொருள் அழுத்தம் விழும். அந்த நொடியே சீல் போய்விடும்.

ஸ்பார்க் பக்கம்: ஒரு ரோட்டருக்கு இரண்டு ப்ளக், முதலில் பற்றவைப்பது லீடிங், அடுத்தது ட்ரெயிலிங். அசல் வண்டியில் லீடிங்குக்கு 7, ட்ரெயிலிங்குக்கு 9 வெப்ப எண் கொண்ட என்ஜிகே ப்ளக். பூஸ்ட் 1 பாருக்கு (சுமார் 14.5 பிஎஸ்ஐ) மேல் போனால் நான்கிலும் 9 அல்லது அதைவிடக் குளிர்ந்தது போட வேண்டும்; காயில்களும் பலமானவையாக வேண்டும். பூஸ்ட்டில் காற்று-எரிபொருள் விகிதம் 11 முதல் 11.5-க்குள், லீடிங்குக்கும் ட்ரெயிலிங்குக்கும் இடையே 10 முதல் 15 டிகிரி இடைவெளி என்பது பாதுகாப்பான எல்லை. பிஸ்டன் இன்ஜினில் ஓரிரு முறை நாக் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வந்தால் தப்பிக்கலாம். இங்கே ஏபெக்ஸ் சீல் வெறும் 2 மி.மீ. தடிமன். ஒரே ஒரு பலமான நாக் வந்தாலே அது விரிசல் விடும், உடைந்த துண்டு புகையோடு வெளியேறி டர்பைன் சக்கரத்தையும் அடிக்கும். அதனால்தான் ரோட்டரி டியூன் செய்தே பழகியவரிடம் மட்டும் போக வேண்டும் என்று சொல்கிறார்கள். அருகில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அதுவே சிங்கிளுக்கு எதிரான பெரிய காரணம்.

காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார், எரிபொருள் அழுத்தம், எண்ணெய் அழுத்தம் மூன்றையும் ஈசியூவுக்கே கொண்டுபோய், எல்லை மீறினால் தானாகப் பூஸ்ட்டைக் குறைக்கும்படி அமைப்பது நவீன ஈசியூவின் மிகப் பெரிய பயன். அதற்காகவே பழைய பவர் எஃப்சியைவிட ஹால்டெக் போன்றவற்றை நான் தேர்ந்தெடுப்பேன். தண்ணீர்-மெத்தனால் தெளிப்பும் ரோட்டரிக்கு நன்றாக ஒத்துவரும். ஆனால் தொட்டி காலியானாலும் இன்ஜின் பிழைக்கும்படி பூஸ்ட் அளவை வைக்க வேண்டும்.

ஜப்பானில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஷாகென் பரிசோதனையில் புகையும் சத்தமும் அளக்கப்படும். மற்ற நாடுகளிலும் சட்டம் வெவ்வேறு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வைத்துக்கொண்டே அமைக்கக் கூடிய டவுன்பைப் கிடைக்கிறதா என்று ஆரம்பத்திலேயே பாருங்கள்.

எந்த வழி போனாலும்

எஃப்டியைக் கொல்வது பெரும்பாலும் பூஸ்ட் இல்லை, வெப்பம். கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் ஏர் செப்பரேட்டர் தொட்டி இன்னும் இருந்தால் நாளைக்கே அலுமினியமாக மாற்றுங்கள்; அது பிளந்து கூலன்ட் போன வண்டிகள் ஏராளம். டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். வெப்பம் கணிசமாக ஏறும் வரைக்கும் அது நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. முள் நகர்ந்து நீங்கள் பார்க்கும்போது கூலன்ட் சீல் ஏற்கனவே துன்பப்பட்டிருக்கும். உண்மையான எண் காட்டும் கேஜ் போடுங்கள். விசிறிகள் அசல் ஈசியூவில் 100 டிகிரியைத் தாண்டிய பிறகே சுழலும். புதிய ஈசியூ போட்டதும் அதை 90-ஐ ஒட்டி இறக்கிவிடுங்கள். சிங்கிள் போடுபவர்கள் இன்டர்கூலரையும் ரேடியேட்டரையும் 'வி' வடிவில் சாய்த்துப் பொருத்துவது இரண்டுக்கும் புதுக் காற்று கிடைப்பதற்காக. ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலரை நிறுத்தும் அமைப்பு எஃப்டியில் கூலன்ட் வெப்பத்தை ஏற்றிவிடும்.

இன்ஜின் எண்ணெயை 5,000 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள். அளவுப் பம்ப் வேலை செய்கிற வண்டியிலும் லிட்டர் பெட்ரோலுக்கு 4 மி.லி. நல்ல டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலப்பது சீலுக்கு நல்லது. பம்பை எடுத்துவிட்டவர்கள் 8 மி.லி. கலக்க வேண்டும், ஒருமுறைகூட மறக்கக் கூடாது.

வேறொருவர் மாற்றிய வண்டியை வாங்கும்போது

சந்தையில் இருக்கும் எஃப்டிகளில் பலவற்றில் இந்த முடிவை வேறொருவர் ஏற்கனவே எடுத்துவிட்டார். சிங்கிள் டர்போ வண்டி என்றால் முதலில் ஈசியூ மேப் பூட்டப்பட்டிருக்கிறதா, கடவுச்சொல் உடன் வருகிறதா என்று கேளுங்கள்; இல்லாவிட்டால் டியூனிங் செலவு முழுவதும் மறுபடி உங்கள் தலையில். திறனை அளக்கும் டைனோ இயந்திரம் தந்த தாளில் திறனைவிடக் காற்று-எரிபொருள் கோட்டைப் பாருங்கள். பம்ப் வயரின் தடிமனையும், வேஸ்ட்கேட் குழாய் பிரியும் கோணத்தையும், மேனிஃபோல்ட் வெல்டுகளில் விரிசல் இருக்கிறதா என்பதையும் நேரில் பாருங்கள். கழற்றிய ட்வின் டர்போ, மேல் மேனிஃபோல்ட், சோலினாய்டு வரிசை, வயரிங் எல்லாம் பெட்டியில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். அவை ஒவ்வொன்றும் இப்போது தனியாக வாங்கினால் விலை அதிகம், அசல் நிலைக்குத் திரும்பக் கூடிய எஃப்டிக்கு மதிப்பும் அதிகம். ட்வின் டர்போ வண்டி என்றால், மூன்றாம் கியரில் 2,500-இலிருந்து 7,000 வரை ஒருமுறை முழு த்ராட்டிலில் போய், 10-8-10 வருகிறதா என்று கேஜைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.